அடுத்த பதிப்புக்கு

தார்த்துவில் நவம்பர் கடைசி.
மூன்றரை மணிக்கே இருட்டிவிடுகிறது.
பழைய கருவித் தொழிற்சாலையின் மூன்றாம் மாடியில்
பதினோரு பேர், கறுப்பு ரொட்டி,
சூடாக மறுக்கும் ஒரு காபி இயந்திரம்.
"சட்டகத்தில் என்ன மாறவேண்டும், எழுதுங்கள்" என்றாள் மாரிக்கா.
"தாளுக்கு ஓர் ஆசை. பெயர் போடவேண்டாம்."

சுவருக்குப் புதுச் சுண்ணாம்பு, எதுவும் ஒட்டவில்லை.
ஜன்னலில் ஒட்டினோம்.

பொருத்தம்தான்.
நாங்கள் செய்ததும் வெறும் சட்டகம்.
அதன் வழியே தெரிகிற எதுவும் எங்களுடையதல்ல:
தீவுக்குப் போகும் படகின் சீட்டு,
பல் பிடுங்க ஒரு வியாழக்கிழமை,
யாரோ இருவர் பிரிவதற்கான விண்ணப்பம்.

முதல் தாள்:
சீக்கிரம் எழுந்திரு.
நான் காபி போட்டுக் குடித்துக்
கோப்பையும் கழுவி வந்துவிட்டேன்,
நீ இன்னும் தொடங்கிக்கொண்டே இருக்கிறாய்.

அதனடியில்:
தப்பு நடந்தால் எங்கே என்று சொல்.
நானூறு வரி ஒப்பாரி வைக்காதே.

ஒரே கையெழுத்தில் பக்கம்பக்கமாக இரண்டு:
இன்னும் சிறிதாகு.
இதையெல்லாம் சேர்த்துக்கொள்.

என் பெயரில் ஓவின் தலைமேல் ஓர் அலை உண்டு.
அதைக் கேள்விக்குறி ஆக்காதே.
மின்வாரியம் பதினைந்து வருடமாக
என்னைச் சந்தேகத்தோடே அழைக்கிறது.
பெயர் போடாத தாள்தான்;
எல்லோரும் தோனுவைப் பார்த்தோம்.

ஓரத்தில், பென்சிலில், பொடி எழுத்தில் ஒன்று:
எனக்கு ஒரே பெயர். எங்கள் ஊரில் அது போதும்.
இரண்டாம் கட்டம் காலி என்றால் நீ கதவு திறப்பதில்லை.
ஒரு புள்ளி வைத்து உள்ளே வந்தேன்.
இப்போது என் வங்கி அட்டையில் நான்
ஹெர்யந்தி புள்ளி.

சிரித்தோம். அவளும் சிரித்தாள்,
கொஞ்சம் தாமதமாக.

என் தாளில் நான் எழுதியிருந்தது:
தேதிகளை எண்ணும் அந்த ஓட்டுவேலையைத் தூக்கி எறியுங்கள்.
ஓட்டுப்போட்டவன் நான் என்பதை எழுதவில்லை.
பதினோரு வருடத்துக்கு முன், விடிகாலை மூன்று மணி,
மேலே ஒரு குறிப்பு:
தற்காலிகம். அடுத்த வாரம் மாற்றிவிடுவேன்.

ஒட்டப் போனால்
அந்த இடத்தில் ஏற்கெனவே ஒரு நீலத் தாள்.
குரெஸ்ஸாரேயிலிருந்து வந்த லீசியின் சாய்ந்த எழுத்து:
தேதி எண்ணும் பகுதியைத் தயவுசெய்து தொடாதீர்கள்.
மருத்துவமனையில் ஊசிநாள் எல்லாம் அதன்மேல் நிற்கிறது.
அதன் தப்பையும் சேர்த்துத்தான் கணக்குப் போட்டிருக்கிறோம்.

என் தாளை நாலாக மடித்துக்
கோட்டுப் பையில், பேருந்துச் சீட்டோடு வைத்தேன்.

பிறகு வாக்கு. ஆளுக்கு மூன்று சிவப்புப் பொட்டு.
சீக்கிரம் எழுவதற்குப் பதினாறு.
பென்சில் தாளுக்கு ஒன்று,
அதுவும் அவளே வைத்ததாக இருக்கலாம்.
ஏழு மணிக்குக் கண்ணாடி வியர்த்துத்
தாள்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன.
வெய்க்கோ முன்பே படம் எடுத்துவிட்டதால்
ஆசைகளுக்குச் சேதமில்லை.
காகிதம் கலைந்த இடத்தில்
எமயோகி ஆறு, ஓரம் மட்டும் உறைந்து.

இரவு, வீட்டில்,
பதினோரு வருடம் திறக்காத கோப்பைத் திறந்தேன்.
ஓட்டை அப்படியே விட்டேன்.
'தற்காலிகம்' என்ற சொல்லை மட்டும் அழித்தேன்.
சோதனைகள் ஓடின, எல்லாம் பச்சை.
உலகத்துக்குத் தெரியாது, தெரியவேண்டியதுமில்லை.

தூக்கம் வராததால்
படிவங்களின் கோப்புக்குப் போனேன்.
இரண்டாம் பெயருக்கு எதிரே
'கட்டாயம்' என்று ஒரே ஒரு சொல்.
யாரும் அதற்கு ஒரு காரணமும் எழுதி வைக்கவில்லை.
அதையும் அழித்தேன்.

எழுநூற்று முப்பதில் ஒரு சோதனை சிவந்தது:
பெயர் முழுமையாக இல்லாதவரை
உள்ளே விடக்கூடாது.

யார் எழுதியது என்று தேடினேன்.
நான்.